டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்குக் கணக்கு: புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

டிஸ்கால்குலியா என்றால் எண்ணும் அளவும் பிடிபடாத கற்றல் குறைபாடு. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, சென்னையில் சிறப்பு ஆசிரியர் வேலைக்கு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், எங்கள் தலைமுறை செய்த அதே குளறுபடிகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. பிள்ளையைத் திட்டக் கூடாது, தங்கையோடு ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

அபாகஸ் வகுப்புக்கு அனுப்பச் சொல்வது

இந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வேளச்சேரியோ வில்லிவாக்கமோ, தெருவுக்குத் தெரு அபாகஸ் போர்டு தொங்குகிறது. “கணக்கு வரலையா? அபாகஸ்ல சேருங்க” என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னால் விட்டுவிடலாம். படித்துப் பட்டயம் வாங்கிய ஆசிரியரே சொன்னால் எப்படி?

அபாகஸ் என்கிற அந்த மணிச்சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, மதிப்பு 5. கீழே நான்கு மணிகள், ஒவ்வொன்றும் 1. 4-ஐக் கூட்டக் கீழே மணி போதவில்லை என்றால், 5-ஐச் சேர்த்து 1-ஐ எடுக்க வேண்டும். 8-ஐக் கூட்ட இடமில்லை என்றால், அடுத்த கம்பியில் 10-ஐச் சேர்த்து இங்கே 2-ஐ எடுக்க வேண்டும். 10-க்கு 2 குறைந்தால் 8 என்பது மனசில் ஊறிப்போன பிள்ளைக்கு இது விளையாட்டு. டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்குத் தடுமாற்றமே அங்கேதான். மூன்று புள்ளியைக் காட்டினால் நாம் எண்ணாமலே மூன்று என்கிறோம். இவர்களில் பலர் அதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் விரல் அசைவு மட்டும் மனப்பாடமாகும், எண் உள்ளே போகாது. அடுத்த லெவலில் சட்டத்தையும் பிடுங்கிக்கொண்டு, மணிகளை மனசுக்குள் நகர்த்து, அதுவும் வேகமாக நகர்த்து என்பார்கள்.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அபாகஸில் மெடல் வாங்கியவன். 9 + 4 கேட்டேன். காற்றில் விரல் அசைந்தது. 13 என்றான். சரிதான். புளியங்கொட்டை டப்பாவை அவன் பக்கம் தள்ளி, “எங்கே, 13 கொட்டை எடுத்து வைப்பா” என்றேன். ஒரு கொட்டையை வைத்தான். கொஞ்சம் இடம் விட்டு, மூன்று கொட்டைகளை வைத்தான். மொத்தம் நான்கு. முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல என்னைப் பார்த்தான்.

விடை சரியாக வந்துகொண்டே இருந்ததால், பள்ளியிலும் வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கட்டிய ஃபீஸ் கூடப் பெரிதில்லை. கோளாறு மூடிக் கிடந்ததால் பரிசோதனை தள்ளிப்போனது. பெருக்கலும் வகுத்தலும் வந்தபோது எல்லாம் ஒரேயடியாகச் சரிந்தது. “மெடல் வாங்கினவனுக்கு இது வராதா? திமிர்” என்ற பெயர்தான் மிச்சம்.

அவனுக்குத் தேவைப்பட்டது ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும். பத்துக் குச்சிகளை அவனே எண்ணிக் கட்ட வேண்டும். 13 என்றால் ஒரு கட்டு, மூன்று உதிரி. 13-இல் 5 போக என்றால், உதிரி போதாமல் அவனே கட்டைப் பிரிக்க வேண்டும். கடன் வாங்குவது என்றால் என்ன என்று அவன் கைக்குத் தெரிய வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். கணக்கு பிடித்த பிள்ளைகள் அபாகஸ் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுப்பது

தடுக்காதீர்கள்.

எடுத்தவுடன் சில்லறைக் காசில் ஆரம்பிப்பது

‘வாழ்க்கைக் கணக்கு’ என்று ஆசையாகக் காசைப் பரப்புவார்கள். அளவே பிடிபடாத பிள்ளைக்கு அது குழப்பம். 5 ரூபாய் நாணயம் 1 ரூபாயைப்போல ஐந்து மடங்கு பெரிதா? சில 5 ரூபாய் நாணயங்கள் 2 ரூபாயைவிடச் சின்னவை. பத்துக் குச்சிக் கட்டு ஒரு குச்சியைவிடப் பத்து மடங்கு என்பது கண்ணால் தெரியும், காசில் தெரியாது. முதலில் குச்சி, அப்புறம் காசு. இப்போது ஜிபே வந்தபிறகு பிள்ளைகள் கையில் சில்லறையே புழங்குவதில்லை. அதனால் காசுக் கணக்குக்கு என்று பிறகு தனியாக நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

குச்சியிலிருந்து நேரே நோட்டுக்குத் தாவுவது

குச்சியில் சரியாகச் செய்த பிள்ளை நோட்டில் திணறினால், நடுவில் ஒரு படியை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்குப் புள்ளி என்று அவன் வரையட்டும். எண்கோட்டில் தவளை மாதிரி தாவட்டும். எண்கள் அதற்குப் பிறகுதான். மேல்படிக்குப் போனபிறகும் குச்சி டப்பா மேசையிலேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வான்.

ஸ்டாப்வாட்ச்

அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

16-ஆம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்க வைப்பது

2, 5, 10 போதும். 2 வந்தால் இரட்டித்து 4, அதை இரட்டித்து 8. மற்றதற்கு அட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும். அட்டையைப் பார்த்தால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று தாத்தா சொல்வார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதானே அவர் பேப்பர் படிக்கிறார்?

சான்றிதழ் பேச்சைத் தள்ளிப்போடுவது

‘பிள்ளைக்கு முத்திரை குத்துவதா?’ என்று பெற்றோர் தயங்கினால், புது ஆசிரியர்களும் சேர்ந்து தயங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் அங்கீகரிக்கிறது, டிஸ்கால்குலியா அதில் அடக்கம். 8 வயதுக்கு மேல் சான்றிதழுக்குப் போகலாம். சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. மாநிலப் பாடத்திட்டத்திலும் சலுகைகள் உண்டு, பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் வந்து நிற்கிற பெற்றோரிடம், மூன்றாம் வகுப்பிலேயே யாரும் சொல்லவில்லையா என்று கேட்டால், “டீச்சர் பார்த்துக்கலாம்னு சொன்னாங்க” என்கிறார்கள்.