பறத்தலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது நேரும் தவறுகள்

விமானம் எப்படிப் பறக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: "இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருக்கும். மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனைக்குப் போய்ச் சேர அது வேகமாக ஓடும். அதனால் மேலே அழுத்தம் குறையும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிந்த காற்று ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் (இறக்கையைச் சோதிக்கக் காற்றைச் செலுத்தும் குழாயில்) புகை விட்டுப் பார்த்தால், மேலே போன காற்று முந்திக்கொண்டு வந்துவிடும். அது வேகமாகப் போவதும் அழுத்தம் குறைவதும் உண்மை. சொல்லும் காரணம்தான் தப்பு. இறக்கை தட்டையாக இருக்கும் பேப்பர் ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் இந்த விளக்கத்தில் பதில் இல்லை.

அதைவிட டேபிள் ஃபேனை ஓடவிடுங்கள். ஒரு தடித்த அட்டையின் இரு ஓரங்களையும் பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். ஃபேன் பக்கத்து விளிம்பைச் சற்றே உயர்த்தினால் அட்டை மேலே எழும்பப் பார்க்கும். அட்டைக்குப் பின்னால், கொஞ்சம் கீழே கையை நீட்டினால் காற்று இறங்கி வருவது தெரியும். இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அட்டையை ரொம்பச் சாய்த்தால் தூக்குவது குறைந்து பின்னால் தள்ளுவதுதான் மிஞ்சும்.

வரலாற்றில் செய்யும் பெரிய தவறு, ரைட் சகோதரர்களின் எஞ்சின் விமானம் முதன்முதலில் பறந்த 1903 டிசம்பர் 17-இல் தொடங்கி அன்றைக்கே முடித்துவிடுவது. ஆர்வில் ரைட் அன்று முதலில் பறந்தது 12 வினாடி, 120 அடி. அந்த 12 வினாடிக்குப் பின்னால் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் இருக்கிறார். எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் ஏறத்தாழ 2,000 முறை பறந்து, 1896-இல் விழுந்து இறந்தவர். இறக்கை எவ்வளவு தூக்கும் என்று சொல்லும் அவருடைய அட்டவணையை நம்பிக் கட்டிய 1901 கிளைடர் எதிர்பார்த்த அளவு தூக்கவில்லை. ரைட் சகோதரர்கள் சோர்ந்துதான் போனார்கள். பிறகு அமெரிக்காவின் டேட்டன் நகரில் தங்கள் சைக்கிள் கடையிலேயே 6 அடி நீள மரப்பெட்டியில் காற்றைச் செலுத்தி, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய பகுதி இதுதான், பாடத்தில் விடுபடுவதும் இதுதான்.

புஷ்பக விமானத்தைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ராமாயணத்தின் அழகான கற்பனை என்று மனமாரச் சொல்லுங்கள், வரலாற்றோடு கலக்காதீர்கள். 1783-இல் பிரான்சில் மனிதரைச் சுமந்த மோன்கோல்ஃபியே பலூனையும் விமானத்தோடு ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். சூடான காற்று லேசானது என்பதால் பலூன் மிதக்கிறது. அதற்கு இறக்கை தேவையில்லை.

பேப்பர் ராக்கெட் செய்யும்போது கிளிப் மாட்டுவது, பின் விளிம்பை மடிப்பது எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்ற விடாதீர்கள். முதலில் மூக்கில் கிளிப் மட்டும். மூன்று முறை எறிந்து தூரத்தை எழுதட்டும். அடுத்து கிளிப்பை எடுத்துவிட்டு, இறக்கையின் பின் விளிம்பை மட்டும் லேசாக மேலே மடித்து எறியட்டும்.