செங்கல் சுவர் பாயின்டிங்: கலவையில் தவறும் இடங்கள்

பழைய செங்கல் சுவரில் ஜாயின்ட், அதாவது செங்கல்களுக்கு இடையே உள்ள சாந்து, உதிர ஆரம்பித்தால் அதைச் சுரண்டிப் புதுக் கலவை அடைப்பதுதான் பாயின்டிங். அதற்குப் பலரும் முதலில் தேடுவது சிமென்ட் மூட்டையைத்தான். சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று கலந்து கெட்டியாக அடைத்துவிட்டால் இனி கவலையில்லை என்ற நினைப்பு. சுவர் கெடுவது அங்கேதான் தொடங்குகிறது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், உள்ளே புகுந்த ஈரத்தைப் பெரும்பாலும் ஜாயின்ட் வழியாக வெளியே விடும். அதைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். கூடவே வரும் உப்பு, செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி, முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். கடைசியில் செங்கல் குழிந்து, ஜாயின்ட் மட்டும் சட்டம்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். ஜாயின்டை மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் முகத்தை என்ன செய்வது? அதனால் புதுக் கலவை செங்கலைவிட மென்மையாகவும், பழைய சாந்தைவிடக் கடினமாகாமலும் இருக்க வேண்டும்.

பழைய சாந்தைச் சாவி முனையால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்து, நடுவே வெள்ளை வெள்ளையாகச் சிறு கட்டிகள் தெரிந்தால் அது சுண்ணாம்பு. வினிகர் விட்டு நுரைப்பதை மட்டும் நம்பாதீர்கள். மணலில் சுண்ணாம்புக்கல் துகள் இருந்தாலும் நுரைக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு சுண்ணாம்பு 1, மணல் 3 போதும். சிமென்ட் கலவையில் கட்டிய சாதாரணச் சுவருக்கு சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6. செங்கல் மென்மையாக இருந்தால் 1:2:9.

அளவு கணக்கில் எல்லாரும் சுவரின் பரப்பைப் பார்ப்பார்கள், ஆழத்தை விட்டுவிடுவார்கள். ஜாயின்ட் அகலத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்கு ஆழம் சுரண்ட வேண்டும், 10 மி.மீ. ஜாயின்டுக்கு 20–25 மி.மீ. மேலாக அரை அங்குலம் மட்டும் சுரண்டி அடைத்தால் அது ஓடுபோலப் பெயர்ந்து விழும்.

செங்கல் முகம் 230 × 75 மி.மீ., ஜாயின்ட் 10 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 49 செங்கல். ஜாயின்டின் மொத்த நீளம் 15.4 மீட்டர்போல வரும். 25 மி.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 3.9 லிட்டர் கலவை. 20 சதுர மீட்டருக்கு 78 லிட்டர், சிந்துவது சிதறுவதற்கு 20 சதவீதம் சேர்த்தால் 94.

இந்த 94-ஐ நான்கால் வகுத்து, 23 லிட்டர் சுண்ணாம்பும் 70 லிட்டர் மணலும் வாங்குவதுதான் வழக்கமான பிழை. சுண்ணாம்பு மணலின் இடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் கலவையின் அளவு கிட்டத்தட்ட மணலின் அளவுதான். அந்தக் கணக்கில் வாங்கினால் 15 சதுர மீட்டரிலேயே கலவை தீர்ந்துபோகும். அடுத்து வாங்கும் மணல் நிறம் மாறி, சுவரில் ஒட்டுப்போட்டதுபோலத் தெரியும். சரியான அளவு மணல் 94, சுண்ணாம்பு 31 லிட்டர்.

மணல் ஈரமாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஈர மணல் உப்பி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஒரு வாளியில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறி, அடங்க விடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் மணலைக் கால் பங்கு கூட்டி அளக்க வேண்டும். கூட்டாவிட்டால் கேட்காமலேயே காரமான, அதாவது மணல் குறைந்த கலவை கிடைக்கும், காய்ந்ததும் மயிரிழை வெடிப்பு விடும். பூச்சுக்கான நைஸ் மணலிலும் இதே கதைதான். கூரான, பல அளவுத் துகள் கலந்த மணல் வேண்டும். மிகப் பெரிய துகள் ஜாயின்ட் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

தண்ணீரைத் தாராளமாக ஊற்றாதீர்கள். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் ஈரம் வழியக்கூடாது. சுரண்டிய இடத்தைத் தூசி போகக் கழுவி நனைத்து, மேலே தண்ணீர் மினுங்காத நிலையில் அடையுங்கள். ஆழத்தை ஒரே மூச்சில் நிரப்பாமல் 6–8 மி.மீ. அடுக்காகத் திணித்து, கட்டைவிரல் அழுத்தினால் லேசாகத் தடம் பதியும் அளவுக்கு இறுகியதும் அடுத்த அடுக்கு. செங்கலின் விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் கலவையைச் சற்று உள்வாங்கி நிறுத்துங்கள். முகத்தின்மேல் மெல்லியதாக இழுத்துவிட்ட ஓரம் முதலில் உடையும்.

செங்குத்து ஜாயின்டில் கிரைண்டர் வேண்டாம், மேலும் கீழும் உள்ள செங்கலை வெட்டிவிடும், உளியே போதும். நிறத்தை ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கோடியில் ஓரடி நீளம் அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பழைய ஜாயின்டோடு ஒப்பிடுங்கள்.