பழைய லாரி வாங்குமுன் இன்ஜினை ஆறிய நிலையில் பாருங்கள்

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பழைய லாரி பார்க்கப் போகிறவர்கள், முதல் நாள் இரவிலிருந்து ஓடாத வண்டியை விடியற்காலையில் பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், தேய்ந்த பிஸ்டன் ரிங்கும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் பழுதும் காட்டக்கூடிய அறிகுறிகளில் பாதி மறைந்திருக்கும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

செல்ஃப் அடிப்பதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பே. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, காரணம் இன்ஜினின் மேற்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டாகவோ ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலராகவோ இருக்கலாம். அளவு மேல்கோட்டைத் தாண்டி டீசல் வாடையும் அடித்தால், எரியாத டீசல் கீழே இறங்குகிறது என்று பொருள்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் வெண்புகை சில நிமிடங்களில் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் கண்ணை எரித்தால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) சந்தேகிக்கலாம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகைக்கு அடைத்த ஏர் ஃபில்டரோ கிழிந்த டர்போ ஹோஸோகூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், அதற்காக மட்டும் நல்ல வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை.

பெரிய செலவு வைப்பது பேக் கம்ப்ரஷன்தான், அதாவது சிலிண்டரில் உள்ள வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்து, அது துள்ளுகிறதா என்று பார்ப்பது பட்டறை வழக்கம். ஆனால் சில இன்ஜின்களில் நல்ல நிலையிலும் மூடி ஆடும் என்பதால், அந்த வாயு வெளியேறும் பிரீதர் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்ப்பதையே நான் அதிகம் நம்புகிறேன். லேசான காற்று பரவாயில்லை. சீரான இடைவெளியில் குப்குப்பென்று புகை தள்ளினால், ஏதோ ஒரு சிலிண்டரில் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கக்கூடும். எந்தச் சிலிண்டர் என்று அறிய, பழைய பம்ப் இன்ஜினில் மெக்கானிக் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றமில்லையோ அதைக் குறித்துக்கொள்வார். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பார் அளவைத் தாண்டக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியானால், சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள்; எரியவே இல்லையென்றால் அதை யாரோ துண்டித்திருக்கலாம். இன்ஜின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பிழை எதுவும் இல்லையென்று காட்டினாலும், விற்பதற்கு முன் அழித்திருக்க வாய்ப்புண்டு என்பதால், பாரத்துடன் ஒரு மேட்டில் ஏற்றி ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை ஸ்கேன் செய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.