துடுப்புப் படகுப் பயிற்றுநரை எடைபோடுவது எப்படி?

அல்சூர் ஏரியில் விடியற்காலையில் படகுகள் செல்வதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் துடுப்புப் படகோட்டத்தில் சேர்க்க விரும்பும் பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர், முதலில் பயிற்றுநரின் பின்னணியை விசாரிக்க வேண்டும். இந்தியாவில் இவ்விளையாட்டுக்கு இராணுவமே தாய்வீடு. 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் இப்பிரிவில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்ற பஜ்ரங் லால் தாக்கரும் படைவீரரே. ஆகவே முன்னாள் படைவீரர்கள் பயிற்றுநராக இருப்பது இயல்பு. ஆனால், பெரியவர்களைப் பழக்கிய கண்டிப்பு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது என்பதால், இளையோரை எத்தனை ஆண்டு பயிற்றுவித்தார் என்று கேளுங்கள். பதக்கக் கணக்கைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து.

அடுத்து, ஒருநாள் கரையில் நின்று கவனியுங்கள். துடுப்பை இழுக்கும்போது முதலில் கால்கள் உந்த வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியாகவே கைகள் மடங்க வேண்டும். கையை முந்தவிடும் சிறுவனை நல்ல பயிற்றுநர் உடனே நிறுத்தி, கால் உந்தலை மட்டும் பலமுறை செய்யச் சொல்வார். 2000 மீட்டர் பந்தய வேகத்தைப் பற்றியே பேசுபவரிடம் சற்று எச்சரிக்கை தேவை.

நீச்சல் தேர்வு, மீட்புப் படகு, உயிர்காப்பு அங்கி, முதலுதவிப் பயிற்சி ஆகியவற்றில் சமரசம் வேண்டாம். கட்டளைகள் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும். பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள், தடுமாறுவது பெற்றோர்தாம்.