மெழுகின் வயது வேறு, சேற்றின் வயது வேறு

போன மாதம் ஒரு மாணவி தன் முதல் வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். ஏரிச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த இலை மெழுகின் ஹைட்ரஜன் ஐசோடோப்பு (கன ஹைட்ரஜனும் சாதாரண ஹைட்ரஜனும் இருக்கும் விகிதம்) ஒரு கோடு, மகரந்த எண்ணிக்கை இன்னொரு கோடு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட அதே படம், அதே தவறோடு. அதனால்தான், சேற்று மெழுகிலிருந்து பழைய காலத்து மழையை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகளை எழுத உட்கார்ந்தேன். கையுறை போடுங்கள், பிளாஸ்டிக் படாமல் பாருங்கள் என்பதையெல்லாம் ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை.

துறைக்குப் புதியவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சில் 27, 29, 31 கார்பன் கொண்ட நீளமான ஆல்கேன்கள் இருக்கின்றன. சேற்றில் புதைந்தால் எளிதில் சிதையாது. அவற்றின் ஹைட்ரஜன், செடி குடித்த மழைநீரைப் பற்றிச் சொல்லும். கார்பன், அது எந்த வகைச் செடி என்று சொல்லும்.

கார்பனை மழைமானியாக வாசிப்பது

சி3, சி4 என்பவை செடிகள் ஒளிச்சேர்க்கை செய்யும் இரண்டு வழிகள். மரங்கள் போன்ற சி3 தாவரங்களின் மெழுகில் கார்பன் ஐசோடோப்பு மதிப்பு −35‰ (ஆயிரத்தில் பங்கு) அருகிலும், வெப்பமண்டலப் புற்களான சி4 தாவரங்களின் மெழுகில் −21‰ அருகிலும் நிற்கும். சி4 புல் வறட்சியைத் தாங்கும் என்பதால், மதிப்பு ஏறியதும் "வறட்சி" என்று எழுதிவிடுகிறார்கள். நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணில் செய்து 1993இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். அது மெழுகு அல்ல, மொத்தக் கரிமப் பொருள். ஆனால் கேள்வி ஒன்றுதான். கடைசிப் பனியுக உச்சத்தில் அங்கே சி4 புற்கள் மேலோங்கியிருந்தன. மழை குறைவு ஒரு காரணம். ஆனால் அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 190 பங்குதான். தொழிற்புரட்சிக்கு முன் 280. வாயு குறைந்தாலே சி4 செடிக்குக் கொண்டாட்டம். பனியுகத்தைத் தாண்டிப் போகும் எந்தப் பதிவிலும் இந்த இரண்டையும் பிரிக்காமல் வறட்சி என்று எழுதாதீர்கள்.

மெழுகுக்குச் சேற்றின் வயதையே கொடுப்பது

என்னை இன்றும் உறுத்துவது இதுதான்.

நான் வேலை செய்தது ஒரு சின்ன ஏரி. அடுக்குகளின் வயதை அதில் கிடைத்த குச்சிகள், விதைகளின் ரேடியோகார்பனை (காலப்போக்கில் தேய்ந்துபோகும் கார்பன்-14ஐ) வைத்துக் கணக்கிட்டேன். அதுவரை சரி. அந்த வயதையே அதே அடுக்கின் மெழுகுக்கும் கொடுத்தேன். ஒரே சேறுதானே! படம் போட்டதும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது: மகரந்தத்தில் காடு முதலில் குறைகிறது, மெழுகு காட்டும் வறட்சி சுமார் 600 ஆண்டு கழித்து வருகிறது. மரம் முன்னால், மழை பின்னால். நான் என்ன எழுதினேன் தெரியுமா? அங்கு வாழ்ந்த உழவர்கள் காட்டை வெட்டினார்கள், காடு போனதால் மழை போனது என்று. மாநாட்டில் பேசினேன். கைதட்டினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, எஞ்சியிருந்த பணத்தையெல்லாம் போட்டு மூன்று அடுக்குகளின் மெழுகை மட்டும் தனியாகப் பிரித்து ரேடியோகார்பனுக்கு அனுப்பினேன். மெழுகு, பக்கத்தில் கிடந்த குச்சியைவிட 500 முதல் 700 ஆண்டு பழையது. திருத்திப் போட்டதும் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. மழை குறைந்தபோதே காடும் குறைந்திருக்கிறது. யாரும் வெட்டியதற்குச் சாட்சியம் இல்லை. பதில் சொல்ல முடியாத மனிதர்கள் மேல் நான் பழி போட்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது? மகரந்தம் காற்றில் பறந்து அந்த ஆண்டே ஏரியில் விழும். மெழுகில் ஒரு பகுதியும் அப்படி வரும். மீதி, இலையோடு மண்ணில் விழுந்து களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் கரையிலேயே கிடக்கும். பிறகு எந்த வெள்ளத்திலோ அரித்து ஏரிக்கு வரும். மெக்சிகோவின் சிச்சன்கனாப் ஏரியிலும் குவாத்தமாலாவின் சால்பெத்தென் ஏரியிலும் மெழுகைத் தனியே அளந்தவர்கள் பல நூறு ஆண்டு வித்தியாசம் கண்டார்கள். மாயா நகரங்கள் கைவிடப்பட்ட காலத்து வறட்சியைப் பேசுகிற இடத்தில் சில நூறு ஆண்டு என்பது கதையையே மாற்றிவிடும். கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவரும் நிலத்துக் கரிமப் பொருளும் சுமார் ஆயிரம் ஆண்டு மண்ணில் தங்கித்தான் வருகிறது.

இதைவிட மோசமான சங்கதி, இந்த வித்தியாசம் நிலையானது அல்ல. காட்டை அழித்து உழும்போது ஆழத்து மண் அரித்து வரும். அப்போது மெழுகின் வயது இன்னும் கூடலாம்; மண்ணில் தங்கும் காலம் சுருங்கி, குறையவும் செய்யலாம். அதாவது மனிதர்கள் நிலத்தில் கை வைத்த காலத்தில்தான், நமக்குத் துல்லியம் வேண்டிய அதே காலத்தில்தான், இந்த வித்தியாசம் அதிகம் மாறக்கூடும். எல்லா அடுக்கிலும் ஒரே எண்ணைக் கழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

பணம் இருந்தால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று அடுக்கிலாவது மெழுகை நேரடியாக அளவிடுங்கள். இல்லையென்றால் சுற்றி மண் அரிப்பு குறைந்த, சின்ன நீர்ப்பிடிப்பு உள்ள ஏரியைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் முடியாதென்றால், எது முன் எது பின் என்ற வாதத்தை மெழுகை வைத்து எழுப்பாதீர்கள்.

மரத்துக்கும் புல்லுக்கும் ஒரே திருத்தம்

மழைநீரைவிட மெழுகில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) குறைவு. எவ்வளவு குறைவு என்பது செடியைப் பொறுத்தது: மரங்களில் சராசரியாக 120‰ அளவு, சி3 புற்களில் (எல்லாப் புல்லும் சி4 அல்ல) 150‰ அருகில், சி4 புற்கள் இடையில். வெப்பமண்டலத்தில் மழை குறைந்தால் மழைநீரில் டியூட்டீரியம் கூடும். அதே வறட்சியில் மரம் போய்ப் புல் வந்தால் மெழுகில் அது குறையும். இரண்டும் எதிரெதிராக இழுத்து, ஒரு பெரிய வறட்சி தட்டையான கோடாகத் தெரியலாம். கார்பன் மதிப்பை வைத்துச் சி4 புல்லின் பங்கைக் கணக்கிட்டு, அப்புறம் திருத்துங்கள்.

ஒற்றை இரட்டை விகிதம் பார்க்காமல் அனுப்புவது

இலை மெழுகில் 27, 29, 31 என ஒற்றை எண் கார்பன் கொண்ட ஆல்கேன்களே மிகுதி. அவை தூக்கலாக இல்லையென்றால் அது பெட்ரோலியமாக இருக்கலாம். நிறுத்துங்கள்.

மாதிரி முழுவதையும் கார்பனுக்கே செலவழிப்பது

ஹைட்ரஜனுக்குப் பல மடங்கு அதிகம் தேவை. முதலில் அதற்கு ஒதுக்குங்கள்.

பனியுகக் கடலை மறப்பது

மழைக்கு மூலம் கடல்தானே. அப்போது கடல்நீரிலேயே டியூட்டீரியம் சுமார் 8‰ கூடுதல். கழித்துவிடுங்கள்.

அந்த மாணவியின் 140 செ.மீ. ஆழத்து அடுக்கில் இரண்டு குச்சிகளும், தேவையான அளவுக்கு மெழுகும் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாக வயது பார்க்க அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை மகரந்தக் கோட்டையும் மெழுகுக் கோட்டையும் ஒரே படத்தில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.