ஈர இலையில் வழுக்கிய சைக்கிள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அக்டோபர் முதல் இரண்டு வாரம் மேப்பிள் மரங்கள் தீப்பிடித்த மாதிரி நிற்கும். அங்குள்ள சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலை, வண்டி நடமாட்டம் குறைவு. போன வருஷம் எட்டுப் பேர் அங்கே வெயிட்ஸ்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்து சைக்கிளில் கிளம்பினோம்.

ராத்திரி மழை பெய்திருந்தது. முதல் இறக்கத்திலேயே என் பின் சக்கரம் வழுக்கியது. பிரேக் கட்டைதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, நின்று புதுசு மாற்றினேன். அடுத்த வளைவில் மறுபடியும் அதே வழுக்கல்.

கூட வந்த பெரியவர் ஒருவர் பெருவிரலால் என் டயரை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. 32 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றழுத்தம் 85 பிஎஸ்ஐ வரை அடித்து வைத்திருந்தேன், தார்ச்சாலைப் பழக்கம். 55க்கு இறக்கச் சொன்னார். வால்வை அழுத்தி அழுத்திக் காற்றை விட்டேன். டயர் லேசாகப் பிதுங்கி மண்ணில் படிந்தது. அப்புறம் வண்டி அவ்வளவாக வழுக்கவில்லை.

ஆனாலும் இலைக் குவியல் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராக உருட்டிவிட வேண்டும். முன்னால் போனவர் "இலை!" என்று குரல் கொடுக்க, நாங்கள் இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டோம்.

மதியம் 1833இல் கட்டிய கூரை போட்ட மரப்பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். பலகை ஈரமாக இருந்ததால் எல்லோரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். கீழே மேட் ரிவர் ஆற்றில் சிவப்பு இலைகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன.