கன்புரோக்கர்ல முதல் துப்பாக்கி வாங்கப் போறீங்களா? ஏலத்துல பிட் போடுறதுக்கு (விலை கேட்குறதுக்கு) முன்னாடி டீலரைப் பிடிங்க

போன மாசம் ஒரு நண்பர் போன் பண்ணி, "கன்புரோக்கர்ல ஒரு ரைஃபிள் பார்த்தேன், இன்னைக்கு ராத்திரி ஏலம் முடியுது, வீட்டு அட்ரஸ் குடுத்தா வந்துருமா?"ன்னு கேட்டாரு. அவர் இருக்கிறது ஹெச்1பி விசால. நான் பதறிப்போய் "கை வைக்காதீங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க"ன்னு ஒரு மணி நேரம் பேசினேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதுல தப்பு பண்ணா காசு மட்டும் போகாது, கேஸ் வரும், விசாவே போகலாம்.

இது முழுக்க அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கு மட்டும். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம் வேற, அங்க இருந்துக்கிட்டு இதைப் படிச்சுட்டு எதையும் முயற்சி பண்ணாதீங்க.

கன்புரோக்கர் 1999ல ஆரம்பிச்ச துப்பாக்கி ஏல சைட். அதே வருஷம்தான் ஈபே துப்பாக்கி விக்கிறதை நிறுத்துச்சு. இந்த சைட் கையில துப்பாக்கி எதுவும் கிடையாது, விக்கிறவரையும் வாங்குறவரையும் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் உங்க பொறுப்பு.

ஸ்டெப் 1: நீங்க வாங்கலாமான்னு பாருங்க

நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. ஹெச்1பி, எல்1, எஃப்1 மாதிரி தற்காலிக விசால இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியாகுற வேட்டை லைசன்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, இன்னும் ரெண்டு மூணு விதிவிலக்கும் இருக்கு, ஆனா அதை நம்பி இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க. ஃப்ரெண்ட்ஸோட ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கி எடுத்துச் சுடுறதுக்கும் இதே கதைதான். கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம், ஏலியன் நம்பர் (உங்க குடியேற்றப் பதிவு எண்) கையில இருக்கணும்.

டீலர்கிட்ட கைத்துப்பாக்கி வாங்க 21 வயசு ஆகியிருக்கணும், ரைஃபிள், ஷாட்கன்னுக்கு 18 (சில ஸ்டேட்ல இதுக்கும் 21). குடும்ப வன்முறை கேஸ்ல தண்டனை வாங்கியிருந்தா முடியாது. கஞ்சாவை உங்க ஸ்டேட் அனுமதிச்சாலும் ஃபெடரல் சட்டம் அனுமதிக்கலை, வாங்குறப்போ நிரப்புற ஃபார்ம்லயே அந்த எச்சரிக்கை போட்டிருக்கும்.

அப்புறம் ஸ்டேட் சட்டம். டெக்சாஸ்ல இருக்கிற எனக்கு வாங்க தனி பர்மிட் வேண்டாம், ஆனா இல்லினாய்ஸ்ல ஃபாய்ட் கார்டு (துப்பாக்கி வச்சிருக்கிறதுக்கான ஸ்டேட் அட்டை) வேணும், நியூஜெர்சியில துப்பாக்கி வாங்குறதுக்கான அடையாள அட்டையோட கைத்துப்பாக்கிக்குத் தனி பர்மிட்டும் வேணும், கலிஃபோர்னியாவுல 10 நாள் காத்திருக்கணும், 10 தோட்டாவுக்கு மேல பிடிக்கிற மேகசின் வாங்க முடியாது. விக்கிறவங்க நிறைய பேரு கலிஃபோர்னியாவுக்கு அனுப்ப மாட்டேன்னு லிஸ்டிங்லயே எழுதியிருப்பாங்க.

ஸ்டெப் 2: டீலர்

வேற ஸ்டேட்ல இருக்கிறவர்கிட்ட வாங்குற துப்பாக்கி உங்க வீட்டுக்கு வராது. உங்க ஸ்டேட்ல இருக்கிற, எஃப்எஃப்எல்னு சொல்ற ஃபெடரல் லைசன்ஸ் வச்சிருக்கிற டீலர்கிட்ட போகும், அவர் உங்க பின்னணியைச் செக் பண்ணிட்டு உங்க கையில குடுப்பார். 1968ல வந்த சட்டத்துலேர்ந்து இதுதான் முறை.

நான் முதல்ல ஒரு .22 ரைஃபிளை ஜெயிச்சுட்டு, அப்புறமாத்தான் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணேன், "லைசன்ஸ் இல்லாத தனி ஆள் அனுப்புறதை நாங்க வாங்குறதில்லை"ன்னு சொல்லிட்டாங்க, அடுத்த கடையிலயும் அதே பதில், ஏலத்துல ஜெயிச்ச பிறகு பணம் கட்டியே ஆகணும், கடைசியில 40 மைல் தள்ளி வீட்டுலேர்ந்தே தொழில் பண்ற ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) ஒத்துக்கிட்டாரு. அதனால பிட் போடுறதுக்கு முன்னாடியே போன் பண்ணிடுங்க. தனி ஆள் அனுப்பினா எடுத்துப்பீங்களா, ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ் (கை மாத்திக் குடுக்கிறதுக்கு) எவ்வளவு, லைசன்ஸ் காப்பியை விக்கிறவருக்கு நீங்களே அனுப்புவீங்களா, இந்த மூணையும் கேட்டா போதும்.

ஸ்டெப் 3: லிஸ்டிங்கைப் படிங்க, படத்தை அதைவிட நல்லா பாருங்க

என்கிட்ட இருக்கிற ஒரு இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிளை வச்சு சொல்றேன். கொல்கத்தா பக்கத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில, 1962 சீனப் போருக்கு அப்புறம், லீ என்ஃபீல்டுங்கிற பழைய பிரிட்டிஷ் ரைஃபிள் டிசைன்லயே 7.62 தோட்டாவுக்குப் பண்ணது. பின்பக்க மரக்கட்டை ரைஃபிளோட இரும்பு உடம்போட சேருற இடத்துல ஒரு இரும்பு வளையம் மாதிரி இருக்கும், அதுல ஆர்எஃப்ஐ-ன்னு (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) எழுத்தும் வருஷமும் அடிச்சிருக்கும். நம்ம நாட்டு ஃபேக்டரி பேரை டெக்சாஸ்ல ஒரு ரைஃபிள்ல பார்த்தப்ப எனக்கு சந்தோஷம் தாங்கலை.

ஆனா சந்தோஷத்துல பிட் போடக்கூடாது. அந்த லிஸ்டிங்ல ஆறு படம், ஆறுமே வெளிப்பக்கம். நான் மெசேஜ் போட்டு குழலுக்குள்ள லைட் அடிச்சு ஒரு படம், சீரியல் நம்பர் தெரியுற மாதிரி ஒரு படம், போல்ட்ல (தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற பாகம்) இருக்கிற நம்பரும் உடம்புல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு ஒரு படம் கேட்டேன். முன்பக்க மரத்துல குறுக்கா ஒரு ஸ்க்ரூ இருந்துச்சு, உடைஞ்சதை ஒட்டினதோன்னு பயந்தேன். விசாரிச்சா, அது விரிசல் விடாம இருக்க இஷாப்பூர்லயே போட்ட ஸ்க்ரூவாம், நிறைய இஷாப்பூர் ரைஃபிள்ல இருக்கும். கேட்ட படத்தை அனுப்ப மாட்டேன்னு சொல்ற ஆளை விட்டுடுங்க.

விக்கிறவரோட ஃபீட்பேக்கையும் பாருங்க. புது அக்கவுண்ட், சந்தை விலையில பாதி, "சைட்டுக்கு வெளியில முடிச்சுக்கலாம், செல்லே (Zelle) ஆப்ல இல்லன்னா பிட்காயின்ல பணம் அனுப்பு"ன்னு சொன்னா அது மோசடிதான், யோசிக்கவே வேண்டாம். திருப்பி எடுப்பாரா, எத்தனை நாள் டைம்னு லிஸ்டிங்ல எழுதியிருக்கான்னும் பார்த்துக்குங்க.

ஸ்டெப் 4: பிட்

மொத்தக் கணக்கை முதல்ல பேப்பர்ல போடுங்க. உதாரணத்துக்கு 450 டாலர் பிட், 45 ஷிப்பிங், கிரெடிட் கார்டுன்னா விக்கிறவர் 3 சதவீதம் கேட்டா ஒரு 15, டீலருக்கு 35. ஆச்சு 545, இதுக்கு மேல சேல்ஸ் டாக்ஸ் வரலாம். ஈபே மாதிரி கடைசி செகண்டுல பிட் போட்டுத் தட்டிக்கிட்டுப் போறது இங்க நடக்காது, கடைசி 15 நிமிஷத்துல யாராவது பிட் போட்டா ஏலம் தானா நீளும், 15 நிமிஷம் யாரும் போடாம இருந்தாத்தான் முடியும். அதனால உங்க உச்ச விலையை ஒரே தடவை போட்டுட்டுத் தூங்கப் போங்க.

ஸ்டெப் 5: டீலர் கடையில

முதல்ல பார்க்கணும், அப்புறம்தான் கையெழுத்து. இதை மட்டும் மாத்திடாதீங்க. அந்த .22-ஐ நான் ஆசையில முதல்ல ஃபார்ம் போட்டு வாங்கிட்டு, வீட்டுல லைட் அடிச்சுப் பார்த்தா குழலுக்குள்ள துரு அரிச்சுப் புள்ளிப் புள்ளியா குழி. ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டா பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டாங்க.

டீலரைவிட்டு போல்ட்டைத் திறக்கச் சொல்லி காலியான்னு நீங்களும் கண்ணால பாருங்க, குழல் ஆள் இல்லாத பக்கமா இருக்கணும், விரல் ட்ரிகர்ல படக்கூடாது. சீரியல் நம்பரை லிஸ்டிங்கோட ஒப்பிடுங்க. எல்லாம் சரின்னா ஃபார்ம் 4473 நிரப்புங்க, அப்புறம் நிக்ஸ்னு சொல்ற பேக்ரவுண்ட் செக். பெரும்பாலும் சில நிமிஷத்துல பதில் வரும், டிலேன்னு வந்தா சாதாரணமா 3 வேலை நாள் வரைக்கும், 21 வயசுக்குக் கீழன்னா இன்னும் அதிகமாவும் காத்திருக்கணும்.

அந்த ஃபார்ம்ல, உண்மையில வாங்குறது நீங்கதானான்னு ஒரு கேள்வி வரும். நண்பர் காசு குடுத்து அவருக்காக நீங்க வாங்கினா அது பொய். அப்ராம்ஸ்கின்னு ஒரு முன்னாள் போலீஸ்காரர், தன்னோட மாமா 400 டாலர் செக் குடுத்ததால அவருக்காக ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினாரு, ரெண்டு பேருமே சட்டப்படி வச்சிருக்கத் தகுதி உள்ளவங்க, இருந்தும் 2014ல சுப்ரீம் கோர்ட் அவர் பண்ணது குற்றம்தான்னு சொல்லிடுச்சு. உங்க சொந்தக் காசுல வாங்கி உண்மையா பரிசா குடுக்கிறது வேற, அதுக்கு அனுமதி உண்டு, வாங்கிக்கிறவருக்குத் தகுதி இருக்கணும்.

ஸ்டெப் 6: விக்கிறப்போ

சொந்தத் துப்பாக்கியை எப்பவாவது விக்கலாம். லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்கி வித்தா அது வியாபாரம், லைசன்ஸ் இல்லாம பண்ணக்கூடாது.

குறையை மறைக்காம எழுதுங்க, துரு இருந்தா துருவையே படம் எடுத்துப் போடுங்க, பின்னாடி சண்டை வராது. பணம் முழுசா கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அனுப்பணும், போஸ்ட் ஆபீஸ் மணி ஆர்டர்னா அதைப் பணமா மாத்திப் பார்த்துட்டு அனுப்புங்க. வாங்குறவர் சொல்ற டீலரோட லைசன்ஸ் காப்பியை வாங்கி, ஏடிஎஃப் (துப்பாக்கி லைசன்ஸைக் கவனிக்கிற ஃபெடரல் ஏஜென்சி) சைட்ல இருக்கிற ஈஸி செக்ல லைசன்ஸ் நம்பரோட முதல் மூணு, கடைசி அஞ்சு இலக்கத்தைப் போட்டா அட்ரஸ் வரும், அந்த அட்ரஸுக்கு மட்டும்தான் அனுப்பணும்.

அனுப்புற வேலையை முதல் தடவை உங்க லோக்கல் டீலர்கிட்டயே குடுத்துடுங்க. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் எல்லாம் லைசன்ஸ் இல்லாதவங்ககிட்ட வாங்குறதில்லை, டீலர் ஒரு ஃபீஸ் வாங்கிட்டு முறைப்படி அனுப்பிடுவார். தோட்டாவை அதே பெட்டியில போடாதீங்க, தோட்டா உட்காருற சேம்பர் காலியான்னு ரெண்டு தடவை பாருங்க, பெட்டி மேல துப்பாக்கின்னு தெரியுற மாதிரி எதுவும் எழுதாதீங்க.

அனுப்பின ரசீது, ட்ராக்கிங் நம்பர், சீரியல் நம்பர், எந்த டீலருக்குப் போச்சுங்கிற விவரம் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க. எதிர்காலத்துல அந்தத் துப்பாக்கி எங்கயாவது ஒரு கேஸ்ல சிக்கினா, ஏடிஎஃப் தயாரிச்ச கம்பெனியில ஆரம்பிச்சு டீலர் டீலரா விசாரிச்சுக்கிட்டு வரும், அதுல உங்க பேர் வந்து உங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்கன்னா எடுத்துக் காட்ட உங்ககிட்ட அந்தக் கவர் இருக்கணும்.